கடைமடைக் கணக்கு

குச்சனூரில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் நஞ்சை இருந்தது. கடைமடை நிலம். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து மடைக்கும் பிரிந்து பிரிந்து வரும். எல்லோரும் பாய்ச்சி முடித்த பிறகுதான் எங்கள் வாமடையைத் தொடும்.

1988-ல் நான் எட்டாம் வகுப்பு. தேனி மாவட்டம் அப்போது பிறக்கவில்லை. நாங்கள் மதுரை மாவட்டத்துக்காரர்கள். முதல்போகம் நட்டுப் பயிர் பச்சை பிடித்த நேரத்தில் நான்கு நாளாக எங்கள் வயலில் தண்ணீர் இல்லை. மண் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. மேல்வயல்காரர் ராத்திரியில் மடையை அடைத்துக்கொள்கிறார் என்று நான் வீட்டில் கத்தினேன். அப்பா பதில் பேசவில்லை. மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தார். மேல்வயலைத் தாண்டினோம்; அங்கேயும் மடை காய்ந்து கிடந்தது. இன்னும் மேலே போனோம். கிளை பிரியும் இடத்தில் ஷட்டருக்கு அடியில் வாழை மட்டைகளும் கோரைப் புல்லும் உருண்டு திரண்டு அடைத்திருந்தன. அப்பா இறங்கி இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சத்தம் கேட்டது.

"தண்ணி வரலேன்னா மொதல்ல மேல நடந்து பாக்கணும்ப்பா. பக்கத்து வயக்காட்டுக்காரன் மூஞ்சியப் பாக்கக் கூடாது" என்றார்.

அந்தப் பாடத்தை நான் 23 வருடம் கழித்து மறந்தேன். மறந்த இடம் வயல் இல்லை, கம்ப்யூட்டர் அறை.

*

2011-ல் தேனியில் ஒரு நிறுவனத்தில் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று பள்ளத்தாக்கு முழுக்கக் கிளைகள். மொத்தம் 120 பேருக்குக் கணக்கு. யார் எந்தக் கிளையில் உட்கார்ந்து பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினாலும், அது சரியா தவறா என்று சொல்வது தேனியில் இருந்த ஒரு சர்வர். இந்த ஏற்பாட்டுக்கு ஆக்டிவ் டைரக்டரி என்று பெயர். மைக்ரோசாஃப்ட் 2000-ல் விண்டோஸ் 2000 சர்வரோடு கொண்டுவந்தது. இன்றும் பல பெரிய அலுவலகங்கள் இதன் மேல்தான் ஓடுகின்றன. அந்த 120 கணக்கும் சேர்ந்தது ஒரு டொமைன். வாய்க்கால் பாஷையில் சொன்னால் ஓர் ஆயக்கட்டு.

அந்த வருடம் தணிக்கைக்கு வந்தவர்கள் எங்கள் கடவுச்சொற்களைக் குறையாக எழுதிவிட்டுப் போனார்கள். குறை நியாயமானதுதான். எனக்கு முன்னால் இருந்த யாரோ, தொந்தரவு வேண்டாமென்று எல்லாக் கட்டுப்பாடுகளையும் எடுத்துவிட்டிருந்தார். நான்கெழுத்துச் சொல், 1234, சில கணக்குகளில் கடவுச்சொல்லே இல்லை. தணிக்கையாளர்கள் கேட்டது ஐந்து: 8 எழுத்துக்குக் குறையக் கூடாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி என்ற நான்கில் குறைந்தது மூன்று கலந்திருக்க வேண்டும். 30 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய 12 சொற்கள் திரும்ப வரக் கூடாது. 3 முறை தப்பாகப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் குரூப் பாலிசி என்ற ஏட்டில் எழுதினால் போதும், கணினிகள் தாமாகவே வாங்கிக்கொள்ளும். கிளைகளின் கணக்குகளையும் கணினிகளையும் வைத்திருந்த அடுக்கில் புதுப் பாலிசி ஒன்றை எழுதிக் கட்டினேன். கிளைகளுக்குத்தானே பிரச்சினை, கிளைகளின் அடுக்கிலேயே விதியைப் போடுவோம் என்பது என் கணக்கு. அன்று மாலையே எல்லோருக்கும் சுற்றறிக்கை போனது.

ஒன்றும் மாறவில்லை.

மறுநாள் சின்னமனூர்க் கிளைக்குப் போனேன். காசாளர் அக்கா என் கண்ணெதிரே கடவுச்சொல்லை மாற்றிக் காட்டினார். நான்கு எழுத்துத் தட்டினார், கணினி ஏற்றுக்கொண்டது. ஜிபி-அப்டேட் கட்டளையைக் கொடுத்தேன், கணினியை அணைத்துப் போட்டேன், மறுபடி முயன்றேன். மறுபடியும் ஏற்றுக்கொண்டது. ஜிபி-ரிசல்ட் கட்டளையோ என் பாலிசி அந்தக் கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னது. வந்து சேர்ந்த விதி ஏன் வேலை செய்யவில்லை? கிளையில் யாரோ எதையோ நோண்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அக்காவிடமே கேட்டேன். "எனக்கு இதை அணைக்கிறதும் போடுறதும் தவிர என்ன தெரியும் தம்பி" என்றார். நம்பாமல்தான் அங்கிருந்து கிளம்பினேன்.

மூன்றாம் நாள், வேறொரு காரியத்துக்காக அதே கணினியில் அந்தக் கணினிக்கு மட்டுமான ஓர் உள்ளூர்க் கணக்கை உருவாக்க வேண்டியிருந்தது. ஐந்தெழுத்துக் கடவுச்சொல் கொடுத்தேன். மறுத்துவிட்டது. நீளமும் கலவையும் விதிப்படி இல்லை என்று நான் எழுதிய விதியை எனக்கே ஒப்பித்தது. ஒரே கணினி. உள்ளூர்க் கணக்குக்கு என் விதி செல்கிறது. டொமைன் கணக்குக்குச் செல்லவில்லை. கறுப்புத் திரையைத் திறந்து நெட் அக்கவுண்ட்ஸ் கட்டளையை டொமைனை நோக்கிக் கொடுத்தேன். சர்வரின் நடப்பு விதி வரிசையாக வந்து விழுந்தது. குறைந்தபட்ச நீளம்: 0. காலாவதி: இல்லை.

அப்போதுதான் விளங்கியது. டொமைன் கணக்குகளின் கடவுச்சொல் விதி ஒரே இடத்திலிருந்துதான் வரும்: டொமைனின் தலையில் கட்டிய பாலிசியிலிருந்து. கீழே எந்த அடுக்கில் என்ன எழுதிக் கட்டினாலும், அது அந்த அடுக்கில் இருக்கும் கணினிகளின் உள்ளூர்க் கணக்குகளை மட்டுமே கட்டுப்படுத்தும். காரணம் எளிது. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதும் மாற்றிக்கொடுப்பதும் கிளையில் இருக்கும் கணினி அல்ல, தேனியில் இருக்கும் சர்வர். அது தன் தலையில் எழுதியிருப்பதைத்தான் படிக்கும். ஒரே டொமைனில் இரண்டு விதமான விதி வேண்டுமென்றால், 2008-ம் வருட விண்டோஸ் சர்வரில் வந்த தனி ஏற்பாட்டை நாட வேண்டும். அதையும் ஆளுக்கோ குழுவுக்கோதான் கொடுக்க முடியும், அடுக்குக்குக் கொடுக்க முடியாது.

தலைமதகில் ஷட்டர் திறந்தே கிடந்தது. நான் கிளை வாய்க்காலில் நின்றுகொண்டு கடைமடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

விதியைத் தலையில் எழுதினேன். மறுநாள் காலை 9 மணியிலிருந்து போன் நிற்கவில்லை. 30 நாளுக்கு மேல் கடவுச்சொல்லை மாற்றாத எல்லோரும் அந்த நிமிடமே காலாவதி ஆகிவிட்டார்கள். அதாவது ஏறக்குறைய எல்லோரும். இன்னொன்றும் அன்று தெரிந்தது. காலாவதியே ஆகாது என்று முன்னொரு காலத்தில் டிக் அடித்து வைத்திருந்த கணக்குகள் எந்தச் சலனமும் இல்லாமல் பழைய 1234-லேயே ஓடின. விதி, ஒருவர் கடவுச்சொல்லை மாற்றும்போதுதான் அதைப் பார்க்கும். சர்வரிடம் கடவுச்சொல் இருப்பதில்லை, அதை அரைத்த பொடிதான் இருக்கிறது. பொடியைப் பார்த்து அது எத்தனை எழுத்து என்று சொல்ல முடியாது. அந்தக் கணக்குகளைத் தேடித் தேடி டிக்கை எடுத்தேன்.

இரண்டு வாரத்தில் எல்லாம் சீரானது. அடுத்த தணிக்கையில் ஐந்துக்கும் எதிரே சரி போட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைக்கு அடியில் என்ன இருந்தது என்பது, சில மாதம் கழித்து மறுபடி சின்னமனூர் போனபோது தெரிந்தது. கணினிக்கு மேலே சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். தமிழ் மாதம், நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் போட்ட, தாள் கிழிக்கும் காலண்டர். அக்கா கடவுச்சொல் தட்டும் முன் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் காரணம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"நீங்கதானே தம்பி மாசாமாசம் மாத்தச் சொன்னீங்க. ஆடி பொறந்தா ஆடி, ஆவணி பொறந்தா ஆவணி. மறக்கவே மறக்காது."

ஆங்கில எழுத்தில் மாதத்தின் பெயர், முதலெழுத்து பெரியது. அதன் பின்னே ஒரு @. அதன் பின்னே 2011. பெரிய எழுத்து இருக்கிறது, சிறிய எழுத்து இருக்கிறது, எண், குறி எல்லாம் இருக்கின்றன. 8 எழுத்துக்கு மேல் இருக்கிறது. 12 மாதத்தில் ஒன்று திரும்ப வராது. வந்தாலும் வருடம் மாறியிருக்கும். என் ஐந்து விதிகளில் ஒன்றைக்கூட அவர் மீறவில்லை. அந்தக் கிளையில் ஆறு பேர் அப்படித்தான் வைத்திருந்தார்கள். குச்சனூர்க்காரர் ஒருவர் மட்டும் சனீஸ்வரன் பெயரோடு எண்ணைக் கூட்டிக்கொண்டே போனார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 12 மாதம், ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் எழுத நான்கு வகை, ஐந்து குறிகள், வருடத்தை முழுதாகவோ கடைசி இரண்டு எண்ணாகவோ எழுதலாம். பெருக்கினால் 480. எந்த மாதம் என்று காலண்டரே சொல்லிவிடுவதால் 40. மூன்று தவறில் பூட்டிக்கொள்ளும் விதியும் காப்பாற்றாது. கெட்ட எண்ணம் உள்ளவன் ஒரு கணக்கில் 40 முறை தட்ட மாட்டான். நடப்பு மாதத்தை 120 கணக்கிலும் ஒரேயொரு முறை தட்டிப் பார்ப்பான். எந்தக் கணக்கும் பூட்டாது, ஒன்றிரண்டு திறக்கும். மூன்று தவறில் பூட்டும் விதியால் வேறொரு கேடும் உண்டு: யார் வேண்டுமானாலும் வேண்டுமென்றே மூன்று முறை தப்பாகத் தட்டி, கிளை முழுவதையும் வெளியே நிறுத்திவிடலாம்.

1234-ஐ ஒழித்துவிட்டு, ஊருக்கே தெரிந்த பஞ்சாங்கத்தைக் கடவுச்சொல்லாக்கி வைத்திருந்தேன். அவர்களுடைய சோம்பல் இல்லை இது. மாதம் ஒரு புதுச் சொல்லை மனத்தில் பதிய வைக்க மனிதரால் முடியாது. முடியாததைக் கேட்டால் அவர்கள் முடிந்ததைச் செய்வார்கள்.

*

அந்தக் கார்த்திகையில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியாது.

சின்னமனூர் அக்காவின் கணக்கு தினமும் காலையில் பூட்டிக்கொண்டது. நான் திறந்துவிடுவேன், மறுநாள் மறுபடி பூட்டும். கவுண்டரில் கூட்டம் நிற்கும், அவர் போனில் எனக்காகக் காத்திருப்பார். ஒன்பதாம் நாள், தொடர்ந்து கவனக்குறைவாகக் கடவுச்சொல் இடுகிறார் என்று நான் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அவருக்கு மெமோ கொடுத்தார். 19 வருட வேலையில் அவர் வாங்கிய முதல் மெமோ.

அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. போனில் ஒன்று மட்டும் சொன்னார்: "தம்பி, இன்னைக்கு நான் இன்னும் கம்ப்யூட்டரையே போடல. அதுக்குள்ள பூட்டிருச்சு."

அதன் பிறகுதான் சர்வரின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். ஒரு கணக்கு பூட்டினால் சர்வர் 4740 என்ற எண்ணில் ஒரு பதிவு எழுதும். எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் கணினியிலிருந்து வந்த தவறான கடவுச்சொல்லால் என்று அந்த ஒரு பதிவிலேயே இருக்கும். கணினியின் பெயர் சின்னமனூருடையதாக இல்லை. போடிக் கிளையினுடையது.

ஆடியில் அவர் பத்து நாள் மாற்றுப் பணியில் போடிக்குப் போயிருந்தார். அங்கே ஒரு கணினியில் பொதுக் கோப்புகளைத் திறக்கத் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்திருந்தார். கணினி அதை நினைவில் வைத்துக்கொண்டது. இங்கே ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசி போய், அவருடைய கடவுச்சொல் கார்த்திகைக்கு வந்துவிட்டது. போடியில் இருந்த கணினிக்கு இன்னும் ஆடி மாதம்தான். அங்கே ஏதோ பழுது பார்த்தபின், காலையில் யார் அதைப் போட்டாலும் அது அக்காவின் பெயரில் ஆடி மாதச் சொல்லோடு சர்வரின் கதவைத் தட்டியது. மூன்று தட்டு, பூட்டு.

சேமித்து வைத்திருந்த அந்தச் சொல்லை அழிக்க எனக்கு அரை நிமிடம் ஆனது. மெமோவைத் திரும்பப் பெற இரண்டு வாரம் ஆனது. சின்னமனூருக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதனால என்ன தம்பி" என்று டீ சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பூட்டுகளில், ஆள் தவறாகத் தட்டியதால் வந்தது மிகக் குறைவு. பூட்டாமலேயே உள்ளே போக முடியாமல் போனதும் உண்டு: 2012-ன் மின்வெட்டுக் காலத்தில் சில கணினிகளின் கடிகார பேட்டரி தீர்ந்து, நேரம் தாறுமாறாகப் போனது. கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால், அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை உள்ளே விடாது. கடவுச்சொல் சரிதான், ஆளும் சரிதான். தப்பு ஒரு பொத்தான் பேட்டரியில்.

*

மெமோ விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். அவர் எங்கள் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நகைக்கடன் பொட்டலங்கள் இருந்த இரும்புப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி செயலாளரிடம், ஒரு சாவி அப்பாவிடம். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் பெட்டி திறக்கும். அந்தச் சாவி அவருடைய அரைஞாணில் கிடந்து கிடந்து இடுப்பில் தழும்பு இருந்தது.

அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பொண்ணு போடியிலருந்து திரும்பும்போது கைமாத்திட்டு வர்றதுக்கு உங்க ஆபீஸ்ல ஒரு நோட்டு இருந்துச்சா?"

இல்லை.

சின்ன வயதில் நான் பார்த்த அந்த நோட்டு ஞாபகம் வந்தது. நீளவாட்டில் தைத்த, காக்கி அட்டை போட்ட சாவிப் பதிவேடு. தேதி, மணி, ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர், இரண்டு கையெழுத்து. அப்பா ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் சங்கத்திலிருந்து அந்த நோட்டு வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சாவியைக் கழற்றிக் கொடுப்பார். திரும்ப வேலைக்குப் போனதும் அதே நோட்டில் கையெழுத்து. மாற்றுச் சாவிகள் முத்திரை வைத்த உறையில் வேறொரு வங்கியில் இருந்தன. ஆள் இல்லாவிட்டாலும் வேலை நடக்க வழி இருந்தது; அந்த வழிக்குக் கணக்கும் இருந்தது. அதனால்தான் அத்தனை வருடத்தில் அப்பா தன் சாவியைக் கணக்கில்லாமல் யாரிடமும் கொடுத்ததில்லை, கொடுக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

எங்கள் அலுவலகத்திலோ கடவுச்சொல்லைப் பகிரக் கூடாது என்ற தடை மட்டும் இருந்தது. ஒருவர் விடுப்பில் போனால் அவர் வேலையை யார், எந்தக் கணக்கில் செய்வது என்பதற்கு ஏற்பாடு இல்லை. ஆகவே எல்லோரும் எல்லோருடைய கடவுச்சொல்லையும் தெரிந்து வைத்திருந்தார்கள். அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு சொல்கிறது. அவர்கள் மோசடிக்காக வாங்கவில்லை. கவுண்டரில் நிற்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாதென்று வாங்கினார்கள். ஆனால் நாளைக்குப் பணம் குறைந்தால் யார் செய்தது என்று சொல்ல முடியாத நிலையை நாங்களே உண்டாக்கி வைத்திருந்தோம்.

*

நான் நம்பிச் செய்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று பிறகு தேடிப் படித்தேன். கம்ப்யூட்டரில் கடவுச்சொல் வந்தது 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில். ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்த ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு செய்த சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பில், அவரவர் கோப்பை அவரவர் பார்க்கட்டும் என்று வைத்தார்கள். 1962-லேயே அது உடைந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், கடவுச்சொல் கோப்பை அச்சடிக்கச் சொல்லி ஒரு கோரிக்கை அட்டை போட்டார், அச்சாகி வந்தது. அங்கேயும் பூட்டை உடைத்தது பேராசை இல்லை, வேலை நேரப் பற்றாக்குறை. 1979-ல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 3,289 கடவுச்சொற்களைச் சோதித்து, அதில் 86 சதவீதம் எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவை என்று எழுதினார்கள். குட்டிச் சொற்கள், அகராதிச் சொற்கள்.

அந்தக் கவலையில் வளர்ந்ததுதான் கலவை விதி. 2003-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யில் இருந்த பில் பர் அதை வழிகாட்டியாக எழுதினார். எழுத்தும் எண்ணும் குறியும் கலக்கவும், அடிக்கடி மாற்றவும் சொன்ன அந்த அறிவுரை உலகம் முழுவதும் தணிக்கைப் பட்டியல்களில் ஏறியது. சின்னமனூர் வரை வந்து சேர்ந்தது. 2017-ல், ஓய்வுக்குப் பிறகு, தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவர் கையில் அன்று நல்ல தரவு இல்லை. தவறைப் பெயர் போட்டு ஒப்புக்கொண்ட அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. அதே 2017-ல் என்.ஐ.எஸ்.டி. தன் வழிகாட்டியைத் திருத்தி, கலவை விதியும் கால இடைவெளி மாற்றமும் வேண்டாமென்று பரிந்துரைத்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை நீக்கியது. 2025-ல் வந்த திருத்தத்தில் என்.ஐ.எஸ்.டி. அந்த 'வேண்டாம்' என்பதைக் 'கூடாது' என்றே ஆக்கிவிட்டது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. யாரும் யூகிக்க முடியாதபடி தேர்ந்த 8 சிறிய எழுத்துகளோடு பெரிய எழுத்து, எண், குறி எல்லாவற்றையும் கலந்தால், தேட வேண்டிய சேர்க்கைகள் ஏறக்குறைய 30 ஆயிரம் மடங்கு கூடும். எதையும் கலக்காமல் 8-ஐ 14 எழுத்து ஆக்கினால் 30 கோடி மடங்குக்கு மேல் கூடும். நீளம்தான் பலம். நீளத்தை மனிதரால் நினைவில் வைக்க முடியும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து வீட்டுச் சொற்களைச் சேர்த்தால் போதும்.

ஆனால் எவ்வளவு நீளமானாலும், களவு போன கடவுச்சொல் களவு போனதுதான். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் டிட்ராக் என்ற தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30-ம் தேதி ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி ஒன்று அது. உலையை இயக்கும் அமைப்புகள் தனியே இருந்ததால் பாதிப்பில்லை என்று கழகம் சொன்னது. வெளியே கிடைத்த அந்த நிரலின் மாதிரியைப் பிரித்துப் பார்த்தவர்கள், அந்த வலையமைப்பின் நிர்வாகிக் கணக்கும் கடவுச்சொல்லும் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததைக் கண்டார்கள். அங்கே தேவைப்படுவது கூடுதல் குறிகள் அல்ல, இரண்டாவது பூட்டு. கடவுச்சொல்லோடு கைப்பேசி ஒப்புதலோ, தனிக் கருவியோ கேட்கும் இன்றைய இரண்டு படி முறை, அப்பாவின் இரும்புப் பெட்டியில் எப்போதோ இருந்தது.

*

இப்போது நான் பார்த்துக்கொள்ளும் வலையமைப்பில் விதிகள் குறைவு. 14 எழுத்து. கலவை கட்டாயமில்லை. கசிந்து வெளியான கடவுச்சொற்களின் பட்டியலில் இருந்தால் ஏற்க மாட்டோம். அந்தப் பட்டியலில் ஊர்ப் பெயர்களையும் சாமி பெயர்களையும் தமிழ் மாதங்களையும் நானே சேர்த்தேன். காலாவதி இல்லை, களவு போனதாகச் சந்தேகம் வந்தால் அன்றே மாற்ற வேண்டும். 10 தவறு வரை பொறுக்கும். பூட்டினால் 15 நிமிடத்தில் தானே திறக்கும். முக்கியமான கணக்குகளுக்கு இரண்டாவது பூட்டு. விடுப்பில் போகிறவரின் வேலை இன்னொருவரின் சொந்தக் கணக்குக்கு, தேதி போட்டு மாறும். அதற்கு ஒரு பதிவேடு. புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்வதும் ஒன்றுதான்: கணக்கு பூட்டியது என்று போன் வந்தால், ஆளைக் கேள்வி கேட்கும் முன் 4740-ஐப் பார். விதி வேலை செய்யவில்லை என்றால் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்.

எல்லாவற்றையும் சரி செய்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

2025 ஆடி, மூன்றாம் சனிக்கிழமை. குச்சனூர் சனீஸ்வரர் கோயிலில் கூட்டம். சுரபி நதிக்கரையில் கால் வைக்க இடமில்லை. எள் விளக்கு வாங்கிக்கொண்டு திரும்பும்போது சின்னமனூர் அக்காவைப் பார்த்தேன். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. பேத்தியைக் கையில் பிடித்திருந்தார். நலம் விசாரித்தோம். பேச்சுவாக்கில் கைப்பேசியை எடுத்துக் காட்டினார்.

"நீங்க சொன்னத இன்னும் விடல தம்பி. மாசம் பொறந்தா மாத்திருவேன். போனுக்கு, பேங்குக்கு எல்லாத்துக்கும். மாச நம்பரும் வருசமும். வீட்டுல எல்லாருக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்துருக்கேன்."

சொல்லும்போது முகத்தில் ஒரு நிறைவு. ஒரு காலத்தில் அந்த விதிக்காக மெமோ வாங்கியவர் அவர்.

சர்வரிலிருந்து அந்த விதியை நான் எடுத்த நாளில் அது ஒரு நிமிட வேலையாக இருந்தது. தலையில் மாற்றினேன், 120 கணக்கிலும் மாறிவிட்டது. அங்கிருந்து முன்பே கீழே இறங்கிப்போன தண்ணீர் எந்தெந்த வயலில் தேங்கி நிற்கிறது என்று நான் பார்க்கவில்லை. சுற்றறிக்கை போட்டுச் சொன்ன விதியை, தப்பு என்று தெரிந்த பிறகு சுற்றறிக்கை போட்டு யாரிடமும் திரும்ப வாங்கவில்லை.

கூட்டத்தை விட்டு விலகி, படித்துறை ஓரமாக உட்கார்ந்தோம். "அக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். பேத்தி கைப்பேசியை வாங்கிக்கொண்டு, "எப்படி மாத்தணும் மாமா, சொல்லுங்க" என்றாள்.